களத்தில் சொல்லக் கூடாத சொல்

கிரான் வயல் வட்டையின் கடைசி வரம்பைத் தாண்டி, கரடியனாற்றுப் பக்கம் போகிற வண்டிப் பாதையில் நான் ஏறியபோது தலையில் இருந்த தொப்பி என்னுடையதல்ல. பனையோலையும் மூங்கில் சிம்பும் வைத்துப் பின்னிய அகலமான தொப்பி. தோள் இரண்டையும் மூடும். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படி ஒன்றை வைத்துக்கொள்வதில்லை. வெயிலுக்குச் சால்வையைத் தலையில் சுற்றுவோம், மழைக்கு நனைவோம். அதை முடைந்தவரை முதல் நாள் பின்னேரம்தான் வாய்க்கால் கரையில் புதைத்திருந்தோம். உட்புறம் தேங்காயெண்ணெயும் வியர்வையுமாக அவர் மணம் அப்படியே இருந்தது. எரித்துவிடு என்றார்கள். நல்ல தொப்பி, நான் போகவேண்டிய தூரமும் அதிகம். எடுத்து வைத்துக்கொண்டு நடந்தேன்.

அந்த நாட்களில் ஒரே இடத்தில் நான் நின்று வேலை செய்ததில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. பிறகு வாவியில் தோணி தள்ளினேன், தென்னந்தோட்டத்தில் கொப்பரா உலர்த்தினேன், மாட்டு வண்டியின் பின்னால் காடு காடாக நடந்தேன். எங்கும் கொஞ்ச நாளில் கால் அரிக்கத் தொடங்கிவிடும். கிரானுக்கு மட்டும் அறுவடைக்கு அறுவடை திரும்பிப் போனேன். அங்கே களத்தில் சோறு வயிறு நிறையக் கிடைக்கும் என்பது ஒரு காரணம். எருமைகளின் பின்னால் நடந்து ஒரு மனிதர் பாடிய பாட்டு மற்றக் காரணம். அதில் ஒரு சொல்லும் எனக்கு முதலில் விளங்கவில்லை.

வட்டையில் அவரை வங்காளத்தார் என்றார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் வடக்கே இருந்து வந்த எவரும் அவர்களுக்கு வங்காளம்தான். அவர் ஒடியாக்காரர். கஞ்சம் பக்கத்துக் கடற்கரையில், ஆறு கடலில் விழுகிற ஓர் ஊர். அங்கே அவர் கவிராயர். ஊரில் கோயில் தேர் ஓடினால் அவர் பாட்டு, பெரிய வீட்டில் கல்யாணம் என்றால் அவர் பாட்டு. பாடி முடித்தால் ஒரு வேட்டியும் வெற்றிலையும் தருவார்கள். ஒரு வருடம் மழை பொய்த்தது, அடுத்த வருடமும் பொய்த்தது. முதலில் மகள் போனாள், பிறகு மனைவி. அவர் ரங்கூனுக்குப் போய் அங்கிருந்து அரிசிக் கப்பலில் சமையல்காரனாக இந்தப் பக்கம் வந்தார். மட்டக்களப்பில் காய்ச்சலோடு இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. எழும்பி நடக்க முடிந்தபோது கிரான் வட்டையில் காவலுக்கு ஆள் தேடினார்கள். அவ்வளவுதான். தன்னுடைய கதையை அவர் இதைவிட நீட்டிச் சொன்னதில்லை. நீட்டிச் சொல்லவேண்டியதையெல்லாம் பாட்டில் வைத்திருந்தார்.

அந்தப் பாட்டு அவர் இங்கே வந்த பிறகு கட்டியது. எழுதி வைத்ததில்லை. அவர் நாட்டில் ஓலையில் இரும்பு எழுத்தாணியால் கீறுவார்களாம். தன் எழுத்தாணியை ரங்கூனில் ஒரு வேளைச் சோற்றுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஆகவே நடந்து நடந்து மனத்திலேயே கட்டினார். அவர்கள் எழுத்தை எண்ணித்தான் அடி கட்டுவார்களாம். ஓர் எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் அடி நொண்டும். வரம்பில் அவர் நடக்கும்போது பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் போகும். காசு எண்ணுகிறார் என்று பொடியன்கள் கேலி பண்ணுவார்கள். "வங்காளத்தார், மிச்சம் எவ்வளவு?" என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதலில் இருந்து எண்ணத் தொடங்குவார்.

காவல்காரன் பாட்டுக் களத்துக்கு வந்தது எப்படி என்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் சூடு மிதிக்கிற களத்தில் எல்லாச் சொல்லையும் சொல்ல முடியாது. கதிரைக் குவித்து எருமைகளைப் பிணைத்துச் சுற்றவிடும்போது பூதங்கள் சுற்றி நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் என்பது நம்பிக்கை. நெல் என்று சொன்னால் அவற்றுக்கு விளங்கிவிடும், வந்து அள்ளிவிடும். அதனால் களத்தில் நெல்லுக்குப் பெயர் பொலி, பெருகு என்று கருத்து; ஓலைக் கடகத்துக்குப் பெயர் பெருவாயன். எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு மறைபெயர் உண்டு. இல்லை என்ற சொல் மட்டும் எந்தப் பெயரிலும் வரக் கூடாது. இல்லை என்றால் இல்லாமலே போய்விடும். தண்ணீர்ப் பானை காய்ந்து கிடந்தாலும், "தண்ணி பொலிஞ்சு போச்சு, மறுகா கொண்டு வா" என்றுதான் சொல்ல வேண்டும். வேலைக்கு வராமல் கள்ளுக் குடித்துக் கிடந்த ஒருவனை எங்கே என்று கேட்டபோது, "அவன் வீட்ட பொலிஞ்சு படுத்திருக்கான்" என்று ஒருவர் சொல்ல, களமே சிரித்தது.

வேலையை நடத்துகிறவர் முல்லைக்காரர். போடியாருக்கு வயல் சொந்தம் என்றாலும் களத்தில் முல்லைக்காரர் வைத்ததுதான் சட்டம். கிரான் முல்லைக்காரர் கறுத்து மெலிந்த மனிதர். பயந்த மனிதர் என்றும் சொல்வேன். விளைச்சல் குறைந்தால் போடியார் முகத்தில் விழிக்க வேண்டியவர் அவர்தான். ஒடியாக்காரர் காவல் குடிலில் இருந்து பாடியதைக் கேட்டு அவருக்கு ஒரு யோசனை வந்தது. மனிதருக்கே விளங்காத பாட்டுப் பூதத்துக்கு எப்படி விளங்கும்? அந்த வருடமே அவரைக் களத்துக்குள் கூப்பிட்டு எருமைகளின் பின்னால் விட்டார். அந்த வருடம் பார்த்து விளைச்சலும் நன்றாக அமைந்துவிட்டது. அதன் பிறகு அவர் பாடாமல் அந்த வட்டையில் சூடு மிதித்ததில்லை. பஞ்சத்தில் செத்த மனைவிக்கும் மகளுக்கும் அழுத பாட்டு, நெல் பெருகுவதற்கான பாட்டாக இப்படி ஆகிவிட்டது.

நான் முதலாவது அறுவடையில் கேட்டபோது பாட்டு முழுசாக இருந்தது. மதியச் சோற்றுக்குப் பிறகு மருத மரத்தடியில் படுத்திருந்தபோது ஒவ்வோர் அடியாகக் கருத்துக் கேட்டேன். முதலில் ஆறு வரும். மீன் ஏறுகிற காலம் வரும். பிறகு மேகம் வராத வருடம். அதிலிருந்து ஒவ்வோர் அடியும் ஒரே சொல்லில் முடியும். "கொரே பாத்தொ நாஹி." வீட்டில் சோறு இல்லை. பானையில் தண்ணீர் இல்லை. கூரையில் வைக்கோல் இல்லை, மாடு தின்றுவிட்டது, மாடும் இல்லை. "மோ ஜியொ நாஹி." என் மகள் இல்லை. அந்த இடத்தில் அவர் குரலை உயர்த்த மாட்டார். தாழ்த்தி, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போவார். எருமைகள் சுற்றிக்கொண்டிருக்கும்.

"இத என்ர ஊர் ஆள் ஒருத்தன் கேக்கோணும், தம்பி" என்றார் ஒரு நாள். "ஒருத்தன் போதும். சரி எண்டு சொல்லத் தேவையில்ல. கேட்டாப் போதும்."

அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பிப் போகும் எண்ணம் கிடையாது. அங்கே யாரும் இல்லை. கட்டிய பாட்டு ஒரு காதில் விழவேண்டும், அந்தக் காதுக்கு அது விளங்கவேண்டும். மட்டக்களப்பு நாட்டில் அப்படி ஒரு காது கிடைக்க வழியில்லை என்று அவருக்கும் தெரியும். காத்திருந்தார்.

அடுத்த அறுவடையில் ஒன்று நடந்தது. மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த முல்லைக்காரர், சும்மா பேச்சுக்குக் கேட்டார்: "வங்காளத்தார், உன்ர பாட்டுல அடிக்கடி நாஹி நாஹி எண்டு ஒண்டு வருகுதே, அது என்ன கா?"

என்னைத் தவிர அந்த வட்டையில் ஒருவரும் அவரிடம் பாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பி உட்கார்ந்தார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஆற்றில் தொடங்கி மகள் வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னார். கடைசியில், நாஹி என்றால் இல்லை என்று கருத்து என்றார்.

முல்லைக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். "இவ்வளவு காலமும் என்ர களத்துக்குள்ள நிண்டு இல்ல இல்ல எண்டா பாடினாய்?"

முல்லைக்காரர் கோபப்பட்டிருந்தால் நல்லதாக இருந்திருக்கும். அவர் யோசித்தார். பாட்டை விட அவருக்கு மனமில்லை, விளைச்சல் அதில் இருந்தது. "பாட்ட விடாத. அந்த ஒரு சொல்ல மாத்து. பொலி எண்டு போடு. உனக்கென்ன, பாட்டுக் கட்டுற ஆள்தானே."

அவர் வாய்க்குள் பாடிப் பார்த்தார். பெருவிரல் கணுக்களில் ஓடியது. பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு எழுத்து, தம்பி. அளவு கெடல்ல" என்றார். ஒரு தச்சன், கேட்ட அளவுக்குப் பலகை சரியாக இருப்பதைச் சொல்வது போலச் சொன்னார். அன்று பின்னேரமே வீட்டில் சோறு பொலிந்தது, பானையில் தண்ணீர் பொலிந்தது, மகளும் பொலிந்தாள். எருமைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நெல்லும் வழக்கம்போல விழுந்தது.

அதன் பிறகு வந்த அறுவடைகளில் பொலி என்றே பாடினார். களத்துக்கு வெளியே பழையபடி பாடுகிறீர்களா என்று ஒரு முறை கேட்டேன். வெளியே எங்கே பாடுகிறேன் என்றார். காவல் குடிலில் பாடுகிற பழக்கம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. நாள் முழுக்க எருமைகளின் பின்னால் பாடிய தொண்டைக்கு இரவில் ஓய்வு தேவைப்பட்டது.

ரெயில் பாதை எங்கள் பக்கத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. நெல் வாங்க வந்த ஓட்டமாவடி முஸ்லிம் வியாபாரி ஒருவர் மூட்டையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "ரெயில் பாலம் கட்டுற இடத்தில புதுசாக் கொஞ்சம் கூலியாக்கள் வந்திருக்கானுகள், வங்காளத்தார். ஒங்கட மாதிரித்தான் வாய்க்குள்ள உருட்டி உருட்டிப் பேசுறானுகள். நான் ஒங்களத்தான் நினைச்சன்."

ஒடியாக்காரர் கையில் இருந்த கம்பைக் கீழே வைத்தார். "என்ன பேசினாங்க, காக்கா? ஒரு சொல்லுச் சொல்லுங்க."

"எனக்கென்ன தெரியும்? சோத்துப் பானையக் காட்டி ஒருத்தன் பாத்தொ பாத்தொ எண்டான்."

களத்துக்கு ஓய்வு கிடைத்த முதல் நாள் இரண்டு பேரும் நடந்தோம். அவர் வாய்க்காலில் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, என்னுடைய வெளுத்த சாரத்தை இரவல் வாங்கி உடுத்தியிருந்தார். கொஞ்சத் தூரத்துக்கு ஒருதரம் நின்று தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "அவங்கள் தெலுங்கரா இருந்தா?" என்று கேட்டார். "எங்கட பக்கம் தெலுங்கரும் இருக்காங்க." எனக்கு என்ன தெரியும்? பார்ப்போம் அண்ணே என்றேன்.

அவர்கள் ஒடியாக்காரர்கள்தான். ஏழெட்டுப் பேர், பாலத்துக்குக் கீழே தகரக் கொட்டிலில் இருந்தார்கள். இவர் வாயைத் திறந்ததும் ஒரு கிழவர் ஓடி வந்து இவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஊர்ப் பெயர், ஆற்றின் பெயர், கோயில் பெயர் எல்லாம் அடிபட்டன. சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார்கள். என்னையும் இழுத்து உட்காரவைத்தார்கள். கவிராயர் என்று தெரிந்ததும் பாடச் சொன்னார்கள். அவர் கை கழுவிவிட்டு வந்து நின்றார். தொப்பியை என் மடியில் வைத்தார்.

ஆறு வந்தது. மீன் ஏறுகிற காலம் வந்தது. கிழவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். கொழும்புத் துறைமுகத்தில் இருந்து தமிழ் பழகிய ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கட ஆறு, எங்கட ஆறு" என்று என் தொடையைத் தட்டினான். பிறகு மேகம் வராத வருடம் வந்தது. அடியின் முடிவு வந்தது. "கொரே பாத்தொ பொலி" என்றார்.

நின்றார். மறுபடி தொடங்கினார். மறுபடியும் பொலி. பாடாமல் சும்மா சொல்லிப் பார்த்தார். நாஹி என்று சரியாக வந்தது. மெட்டோடு தொடங்கினால், அந்த இடத்தில் நாக்கு எருமையின் தடத்திலேயே போனது. தொடர்ந்து பாடிப் பார்த்தார். பொலி மட்டும் இருந்தால் பரவாயில்லை. பெருவாயன் என்றார். இன்னும் என்னென்னவோ களத்துச் சொற்கள் அடிகளுக்குள் இருந்தன. எந்த அறுவடையில் எது நுழைந்தது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது போலிருந்தது. கிழவர் கண்ணைத் திறந்தார். ஓர் இளைஞன் சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை, விளங்காதவன் சிரிப்பு. மகள் வருகிற அடிக்கு வந்தபோது இவர் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"பாட்டு நல்லம்" என்றான் தமிழ் தெரிந்தவன் என்னிடம். "பாதி என்ன பாஷை?"

கிழவர் நல்ல மனிதர். பாட்டைப் பற்றி ஒன்றும் பேசாமல் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். இவர் அதைச் சாப்பிட்டார். சாப்பாட்டை வீணாக்குகிற ஆள் அல்ல அவர்.

திரும்பி வரும்போது வட்டை தெரியத் தொடங்கிய இடத்தில், "ஒரு அடியாவது நொண்டினதா, தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எல்லாம் அளவா இருக்குது. நொண்டியிருந்தா எனக்கு அண்டைக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

அடுத்த நாள் களத்தில் எருமைகளைப் பிணைத்தார்கள். அவருக்கு உடம்பு சுட்டது. காய்ச்சல் என்று சொல்லாமல் இறங்கினார். மெதுவாகத் தொடங்கினார். ஒவ்வோர் அடி முடிவிலும் நின்று, கல்லைத் தூக்குகிறவன் மாதிரி மூச்சைப் பிடித்து, நாஹி என்றார். முதல் தடவை முல்லைக்காரர் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் தடவை எருமைகளை நிறுத்தினார்.

"என்ன சொன்னாய்?"

அவர் பதிலுக்கு மகள் அடியைப் பாடத் தொடங்கினார். முல்லைக்காரர் வந்து அவர் வாயைப் பொத்தினார். அடிக்கவில்லை. குவியலில் பாதி இன்னும் மிதிக்காமல் கிடந்தது, போன வருடம் விளைச்சல் சுருங்கிப் போடியாரிடம் அவர் கேட்ட பேச்சு எல்லாருக்கும் தெரியும். "சோறு தாறன், திண்டுபோட்டுப் போ" என்றார். "களத்துக்குள்ள இனி வராத. உன்னக் கும்பிட்டன்." கற்பூரம் கொளுத்தி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேறு ஆளைப் பாடவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

காவல் குடிலில் அவர் படுத்தார். நான் கஞ்சி கொண்டுபோனேன். பறங்கி டாக்குத்தர் இருந்த ஆசுபத்திரிக்கு வண்டியில் ஏற்றலாம் என்றேன். அறுவடைக் காலத்தில் வண்டி எங்கே கிடைக்கும்? காய்ச்சலில் அவர் பாடவில்லை. விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன, அடிக்கடி நின்று மறுபடி முதலில் இருந்து தொடங்கின. ஒரு நாள் விடிந்தபோது நின்றிருந்தன. பாலத்தடிக்கு ஓடினேன், கிழவரையாவது கூட்டிவர. கொட்டில் இருந்த இடத்தில் அடுப்புக் கற்கள் மட்டும் கிடந்தன. பாதை அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட்டது என்றார் ஒரு காவல்காரர்.

எந்த முறைப்படி அடக்குவது என்று முல்லைக்காரர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது. அவரே மண்வெட்டியை எடுத்து முதல் வெட்டு வெட்டினார். தலைமாட்டில் ஒரு கைப்பிடி நெல்லைப் போட்டார்.

அப்படித்தான் நான் அந்தத் தொப்பியோடு கரடியனாற்றுப் பாதையில் நடந்தேன். இரவு ஒரு வாடிக் கொட்டிலில் படுத்தேன். காலையில் ஒரு வட்டையில் சூடு மிதிக்கிற இரைச்சல் கேட்டது, இறங்கினேன். அந்த முல்லைக்காரர் பருத்த மனிதர், சிரித்த முகம். "என்ன மனே, தலையில வீட்டக் கொண்டு திரியிறாய்?" என்றார். வேலை இருக்கா என்றேன். எருமைக்குப் பின்னால் நடக்க ஆள் வேண்டும், பாடத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன்.

இப்போது அந்தப் பாலத்தின் மேல் ரெயில் போகிறது. நானும் பல தடவை போயிருக்கிறேன். கீழே பார்த்தால் தண்ணீர்தான் தெரியும். தொப்பி அடுத்த மாரியிலேயே உக்கிப்போய்விட்டது. அப்படி ஒன்றை முடையத் தெரிந்தவரை நான் பிறகு சந்திக்கவில்லை. பாட்டில் எனக்கு இன்று மிஞ்சியிருப்பது நாலைந்து அடி. அவையும் என் வாயில் எந்தப் பாஷையாக இருக்கின்றனவோ தெரியாது.

அந்தப் புது வட்டையில் இறங்கிய அன்று காலை, பாட்டு முழுசாக இல்லாவிட்டாலும் அதிகம் தெரிந்திருந்தது. தொப்பியைக் களத்துக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் எருமைகளை ஓட்டினேன். ஆற்றைப் பாடினேன், மீனைப் பாடினேன். அடி முடிகிற இடத்தில் முதலாவது அறுவடையில் கேட்டபடி நாஹி என்றேன். வீட்டில் சோறு நாஹி. பானையில் தண்ணீர் நாஹி. மோ ஜியொ நாஹி. ஒரு தலையும் திரும்பவில்லை. எருமைகள் சுற்றின. பொலி விழுந்துகொண்டிருந்தது, நல்ல விளைச்சல்.

"புதுப் பாட்டா இருக்கே" என்றார் முல்லைக்காரர் சுற்று முடிந்ததும். "அந்த நாஹி எண்டிறது என்ன கருத்து கா?"

"பொலி எண்டுதான் கருத்து" என்றேன்.

அவருக்குச் சந்தோசம். அறுவடை முடியும்வரை நிற்கச் சொன்னார், நின்றேன்.